இடது பின்சக்கரம்

சிங்கப்பூர் ஓவன் ரோட்டில் அருளானந்தம் வீட்டு வாசலில் அந்த வேன் வந்து நின்ற அன்று தெருவே கூடிப் பார்த்தது. அறுபத்திரண்டாம் வருஷம், ஏப்ரல் மாதம். அருளானந்தம் சிலேத்தார் விமானத் தளத்தில் பண்டகசாலைக் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒருவரின் வேன் அது. வெளியே இருந்து பார்த்தால் ரொட்டி விற்கிற வண்டி மாதிரிதான் தெரியும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வீடே இருந்தது. இரண்டு பக்கமும் படுக்கை, மூலையில் கேஸ் அடுப்பு, அதன் கீழே தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவ ஒரு தகரத் தொட்டி. கூரையை உள்ளிருந்து தள்ளினால் ஒரு பக்கமாக மேலே எழும்பி நின்றது. அன்று சாயங்காலம் வரைக்கும் யாராவது வந்து அந்தக் கூரையைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஆசைக்காக வாங்கிய வண்டி இல்லை அது. அருளானந்தத்தின் மனைவி அல்போன்சம்மாள் முதுகெலும்பில் காசநோய் கண்டு, பதினாலு மாதம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் படுக்கையில் கிடந்து, அந்தப் பிப்ரவரியில்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போவாள், வருவாள். ஆனால் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ரயிலில் உட்கார்ந்து வடக்கே போவதை நினைக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய ஒரே அக்கா பிலோமினம்மாள் நானூறு மைலுக்கு மேல் வடக்கே புக்கிட் மெர்த்தாஜாமில் இருந்தாள். ஆறு வருஷமாகப் பார்க்கவில்லை. ஜூலை மாதம் அங்கே அன்னம்மாள் கோயில் திருவிழா. எழுந்து நடந்தால் நேரில் வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டிருந்தாள்.

"படுத்துக்கிட்டே போயிரலாம் செல்லம். ரோட்டுல போறப்போ சன்னல் வழியா ரப்பர்த் தோட்டத்தையெல்லாம் பாக்கலாம்" என்றாள் அவள், பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணுவிடம்.

செல்லக்கண்ணு அவளுக்கு வெந்நீர் ஊற்றித் தலை அலசிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் அது அவள் வேலை. "தலையை ஆட்டாதீங்கக்கா, கண்ணுல சோப்பு போயிரும்."

"அங்க கோயில் கேணித் தண்ணியக் கொண்டாந்து உனக்கும் தர்றேன்."

"எனக்கு எதுக்குக்கா? என் முதுகு நல்லாத்தானே இருக்கு."

"இத்தன வருஷம் ஒரு டயர்க்காரரோட குடித்தனம் பண்ணுறியே, அதுக்கு."

இருவரும் சிரித்தார்கள். அந்த டயர்க்காரர் செல்லக்கண்ணுவின் புருஷன் மருதப்பன். ஜாலான் புசாரில் முகம்மது யூசுப் வைத்திருந்த டயர்க் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை. லாரிச் சக்கரத்தைத் தனியாளாக உருட்டிவந்து, இரும்பு நெம்புகோல் இரண்டைச் சொருகி, மிதித்து, ரிம்மிலிருந்து டயரைப் பிரித்தெடுப்பான். முழங்கை வரைக்கும் ஏறியிருந்த கருப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. வலது கட்டைவிரல் நகம் எப்போதோ நசுங்கிப்போய் வளைந்து முளைத்திருந்தது. சுத்தியால் தட்டி, எழும் சத்தத்தைக் கேட்டே காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. யாராவது நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

அருளானந்தம் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து வேட்டி மாற்றிக்கொண்டு, "மருதப்பா, தூரப் பயணம். சக்கரத்தக் கொஞ்சம் பாத்துடு" என்றார்.

மருதப்பன் குத்துக்காலிட்டு நான்கு சக்கரத்தையும் பார்த்தான். பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ரப்பரில் மெல்லிய கோடுகள் வாய்திறந்தன.

"பட்டனெல்லாம் புதுசு மாதிரி இருக்கே" என்றார் அருளானந்தம், தரையைத் தொடும் வரிகளைத் தடவிப் பார்த்து.

"பட்டன் நல்லாத்தான் இருக்குண்ணே. ஓடவே இல்ல, அதான். ஒரு வருஷமா கடலோர வெயில்ல நின்னுருக்கும். ரப்பர் காய்ஞ்சு போச்சு. இதுல டவுனுக்குள்ள போகலாம். அவ்வளவு தூரம் போகக் கூடாது."

"அப்ப மாத்திருவோம். நாலும் மாத்து."

"மாத்துறதுக்கு முன்னாடி எடை பாக்கணும். இதுல என்னென்ன ஏறப் போகுது?"

"மூணு பேர்தானே. நானு, அவ, ஓட்டுறதுக்கு என் தம்பி ஆம்ப்ரோஸ்."

"ஆளச் சொல்லலண்ணே. அடுப்பு, தொட்டித் தண்ணி, கட்டில் பலகை, பாத்திரம், அக்கா வீட்டுக்குக் கொண்டு போற சாமான். எல்லாத்தையும் ஏத்துங்க. ஏத்திக்கிட்டுப் போய் மரக்கிடங்கு எடைமேடையில நிறுத்துவோம். பாதி ஏத்திப் பாத்தா பிரயோசனம் இல்ல."

ஜூலை இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அப்படியே செய்தார்கள். காலாங் ஆற்றோரம் மரக்கிடங்கில் லாரிகளை நிறுக்கிற இரும்பு மேடை இருந்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அரிசி மூட்டையும் பெட்டிகளும் வைத்து, அல்போன்சம்மாளுக்குப் பதிலாகச் செல்லக்கண்ணுவைப் படுக்கையில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த சீனக் கணக்குப்பிள்ளை சன்னலில் எட்டிப் பார்த்து, மலாய் மொழியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறதா என்று கேட்டார். செல்லக்கண்ணு வெட்கத்தில் சேலையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அசையாதடி, முள்ளு ஆடுது" என்றான் மருதப்பன்.

முன்சக்கரங்களை இறக்கி, பின் அச்சை மட்டும் மேடையில் நிறுத்தியபோது இரண்டாயிரத்து நானூறு ராத்தல் காட்டியது. மருதப்பன் அதைச் சுண்ணாம்புக் கட்டியால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

மறுநாள் மாலை கடைக்கு வந்த அருளானந்தத்திடம் விளக்கிச் சொன்னான். கூட அவருடைய தம்பி ஆம்ப்ரோஸும் வந்திருந்தான். டாக்சி ஓட்டுகிறவன். அண்ணியை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சொல்லி ஒரு வாரம் டாக்சியை வேறொருவனிடம் விட ஏற்பாடு செய்திருந்தான்.

"பின்னாடி ஒவ்வொரு டயரும் ஆயிரத்து இருநூறு ராத்தல் தூக்கணும். கார் டயரு நாலு பிளை. மிஞ்சிப்போனா தொள்ளாயிரத்தி அம்பது தூக்கும். இந்த வண்டிக்கு ஆறு பிளை வேணும். உள்ள துணி அடுக்கு கூட இருக்கும், காத்தும் கூடப் பிடிக்கலாம். இந்த சைஸ்ல அது இப்ப நம்ம கடையில இல்ல."

"வேற கடையில?"

யூசுப் பாய் மேசையிலிருந்து தலை நிமிர்ந்தார். "விசாரிச்சுட்டேன். யார்கிட்டயும் இல்ல. ஆர்டர் போட்டாச்சு. ஆகஸ்ட் முதல் வாரம் கப்பல்ல வருது."

"ஆகஸ்டா? திருவிழா ஜூலை இருபத்தாறு."

"மூணு வாரம் பொறுங்கண்ணே" என்றான் மருதப்பன்.

"நான் பொறுத்தாலும் திருவிழா பொறுக்குமா?"

"திருவிழா முடிஞ்சாலும் கோயில் அங்கதானே இருக்கப் போகுது?"

அதை அவன் சற்றுக் கடுப்பாகச் சொல்லிவிட்டான். நாள் முழுக்க லாரி டயர் கழற்றிய அலுப்பு. அருளானந்தத்தின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தான். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

ஆம்ப்ரோஸ் அதுவரை வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்தான். "என் டாக்சியிலயும் இதே சைஸ்தான். நாலு ஆளு, டிக்கி நிறைய சாமான், மலாக்கா போயிட்டு வந்துட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் ஆகல லா."

"சைஸ் ஒண்ணுதான் ஆம்ப்ரோஸு. ரிம்முல உக்காரும். உக்காருறது வேற, தூக்குறது வேற."

"டயர்க்கடைக்காரரு எப்பத்தான் இருக்குற டயர் போதும்னு சொல்லிருக்காரு?" அவன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். "கப்பல்ல வர்றதுன்னா ஆளுக்குக் கொஞ்சம் கூடத் தேறும்போல. அதான் மூணு வாரம் உக்காருங்கன்னு சொல்றாரு."

கடையில் வேலை நின்றுவிட்டது. ட்யூப் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். யூசுப் பாய் வாய் திறப்பதற்குள் மருதப்பன் கையை உயர்த்தித் தடுத்தான். அவன் ஆம்ப்ரோஸைப் பார்க்கவே இல்லை. அருளானந்தத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தான். அருளானந்தம் தன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே. நீங்க உங்க தம்பி சொல்ற மாதிரியே செய்யுங்க. இனிமே இந்த வண்டியப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மருதப்பன் நெம்புகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டு ஆண்களும் பேசிக்கொள்ளவில்லை. பெண்கள் எப்போதும்போல் இருந்தார்கள். செல்லக்கண்ணு சனிக்கிழமை தலை அலசப் போனாள். அல்போன்சம்மாள் கொடுத்தனுப்பிய அப்பத்தை மருதப்பன் தின்னத்தான் செய்தான். ஆம்ப்ரோஸ் எங்கிருந்தோ நான்கு டயர் வாங்கிவந்து போட்டான் என்று செல்லக்கண்ணு சொன்னபோது, "அப்படியா" என்றான். என்ன டயர் என்று கேட்கவில்லை. ஆர்டரை நிறுத்திவிடலாமா என்று யூசுப் பாய் கேட்டதற்கு, "வரட்டும் பாய்" என்று மட்டும் சொன்னான்.

ஜூலை இருபத்துமூன்று, திங்கட்கிழமை. காலை ஆறரை மணி. முந்தின நாள் பெய்த மழையில் சாலை ஈரமாக இருந்தது. மருதப்பன் வேலைக்குக் கிளம்பும் முன் வாசலையொட்டிய ஐந்தடி நடைபாதையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். வேன் கிளம்பத் தயாராக நின்றது. அரிசி மூட்டை, பெட்டிகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறிவிட்டன. கடைசி நேரத்தில் இன்னும் ஒரு பெட்டியும், அக்கா வீட்டுக்கென்று ஒரு தையல் மிஷினின் இரும்பு அடிப்பாகமும் ஏறின. அருளானந்தமும் செல்லக்கண்ணுவும் அல்போன்சம்மாளைக் கைத்தாங்கலாக நடத்திவந்து படுக்கையில் கிடத்தினார்கள். அவள் தன் காலால் நடந்தே வந்து ஏறினாள். நீலச் சேலை கட்டியிருந்தாள்.

மருதப்பனின் கண் தானாகவே சக்கரத்துக்குப் போனது. பின்னால் இரண்டு டயரும், முக்கியமாக இடது பக்கத்து டயர், தரையைத் தொடும் இடத்தில் பிதுங்கி, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் நாலு பிளை என்று போட்டிருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. காற்றும் குறைவு. கார் டயருக்குப் பிடிக்கிற காற்றைத்தான் பிடித்திருக்கிறான் ஆம்ப்ரோஸ்.

இதில் வண்டி நிற்கவே முடியவில்லை, ஓடினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வெயில் ஏற ஏற அந்தப் பிதுக்கம் உருண்டு உருண்டு சூடாகும். உள்ளே துணி அடுக்கு பிரியும். இன்ன மைலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அந்த இரும்பை இறக்குங்கள். காற்று பத்து ராத்தல் ஏற்றுங்கள். முப்பது மைலுக்கு ஒரு தரம் நிறுத்திக் கையால் தொட்டுப் பாருங்கள். பயணத்தை நிறுத்தக்கூட வேண்டாம். இவ்வளவு சொல்லியிருந்தால் ஒருவேளை போய்ச் சேர்ந்திருப்பார்கள். வாயில் பற்பசை நுரையோடு அவன் நின்றான். அருளானந்தம் இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவன் கண்ணை எடுத்துக்கொண்டான். அவராக வந்து கேட்கட்டும் என்று இருந்தது அவனுக்கு. ஒரு வார்த்தை, "பாரு மருதப்பா" என்று கேட்டால் போதும், இப்போதே குனிந்து பார்ப்பான்.

அருளானந்தம் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அல்போன்சம்மாள் படுத்தபடியே சன்னல் திரையை விலக்கினாள். "தம்பி, போயிட்டு வர்றோம். உங்க பேருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்."

மருதப்பன் நுரையைத் துப்பிவிட்டு, "நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணி" என்றான்.

அன்று கடையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. ஒரு ட்யூபுக்கு இரண்டு முறை பசை தடவினான். பத்து மணிக்கு ஒரு தரம், வழியில் இருக்கும் ஜொகூரில் யாருக்காவது டெலிபோன் பண்ணமுடியுமா என்று யூசுப் பாயிடம் கேட்க நினைத்து மேசை வரை போனான். யாருக்கென்று பண்ணுவது? திரும்பிவிட்டான். மாலை நான்கு மணிக்கு டெலிபோன் அடித்தது. ஆயர் ஹீத்தாம் தாண்டி, யோங் பெங் போகும் வழியில், பதினொரு மணி வாக்கில் இடது பின் டயர் வெடித்திருந்தது. வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர்த் தோட்டத்து ஓடையில் கவிழ்ந்துவிட்டது. ஆம்ப்ரோஸுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. அருளானந்தத்துக்குத் தலையில் தையல். அல்போன்சம்மாளைக் கட்டிலோடு சேர்த்துத்தான் வெளியே எடுத்தார்களாம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

வண்டியை எடுத்துவர மறுநாள் யூசுப் பாய் தன் லாரியை அனுப்பினார். மருதப்பனும் போனான். போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் வேன் பக்கவாட்டில் நசுங்கி நின்றது. கூரை பிய்ந்திருந்தது. உள்ளே அரிசி முழுக்கக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் ஊறி, அந்த வெயிலில் புளித்த வாடை அடித்தது. பிலோமினம்மாளுக்கு என்று வாங்கிய பட்டுச் சேலை டப்பாவோடு கிடந்தது. ஒரு கட்டு மெழுகுவத்தி சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி வளைந்திருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவன் இடது பின்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான்.

டயரின் பக்கவாடு ரிம்மை ஒட்டி முழு வட்டமாகக் கிழிந்திருந்தது. துணி இழைகள் கருகிப் பஞ்சாகத் தொங்கின. ட்யூப் என்று சொல்ல மூன்று துண்டு ரப்பர்தான் மிஞ்சியிருந்தது. பட்டன் மட்டும் கடையில் வாங்கியபோது இருந்ததுபோல் புதிதாக இருந்தது. கூட வந்த லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "ஆணி கீணி ஏறிருக்குமோ?" என்றார்.

"ஆணி இல்ல."

"பின்ன?"

மருதப்பன் ஜாக்கியை எடுக்கப் போனான்.

ஆகஸ்டில் கப்பல் வந்தது. பழுப்புத் தாள் சுற்றிய ஆறு பிளை டயர்கள் நான்கும் கடையின் மேல்தட்டில் ஏறின. சில நாள் கழித்துப் புக்கிட் தீமா காய்கறி வியாபாரி ஒருவர் தன் வேனுக்குக் கேட்டார். மருதப்பன்தான் பொருத்திக் கொடுத்தான்.

பத்து பஹாட் என்ற ஊரிலும் பிறகு சிங்கப்பூரிலுமாக மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, அக்டோபரில் அல்போன்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். இனி நடக்கமாட்டாள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்னறையில் சன்னலோரம் கட்டில் போட்டார்கள். செல்லக்கண்ணு இப்போது தினமும் போனாள். புரட்டிப் படுக்க வைக்க, முதுகில் புண் வராமல் பவுடர் போட, துணி மாற்ற. மருதப்பன் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம், "மெதுவாம்மா, மெதுவா" என்று அருளானந்தம் சொல்வது கேட்கும். அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடைமழை. லூர்து மாதா கோயில் பூசை முடிந்து, நனைந்த குடையோடு அருளானந்தம் நேராக மருதப்பன் வீட்டுக்கு வந்தார். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. செல்லக்கண்ணு கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"மருதப்பா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு மூணு மாசமா நினைக்கிறேன்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்குக் கடையில தம்பி உன்னை அப்படிப் பேசும்போது நான் வாயத் தொறந்திருக்கணும். அவன் சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும். ஆனா போகணும்ங்கிற அவசரம். உன் பக்கம் பேசினா போக முடியாதேன்னு இருந்துட்டேன். நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. நாந்தான் கேக்கல. என்னை மன்னிச்சிரு." அவர் தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

மருதப்பன் "விடுங்கண்ணே" என்று சொல்லியிருக்கலாம். அவர் கோப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். பழையபடி எல்லாம் சரியாகியும் இருக்கும். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கிளம்புன அன்னைக்கு நான் வாசல்ல நின்னேன்ல" என்றான்.

"ஆமா. பல் விளக்கிட்டு நின்னே."

"டயரப் பாத்தேன்."

அருளானந்தத்துக்குப் புரியவில்லை. "என்ன பாத்தே?"

"பின்னாடி பிதுங்கிக்கிட்டு நின்னத. நாலு பிளைன்னு எழுதியிருந்தத. காத்து பத்தாததையும் பாத்தேன். இடது பக்கந்தான் மோசமா இருந்துச்சு."

அருளானந்தம் கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"போய்ச் சேராதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லலையே."

"சொல்லல."

"ஏன் மருதப்பா?"

"நீங்களா வந்து கேக்கட்டும்னு இருந்தேண்ணே."

அருளானந்தம் வெகுநேரம் அவனையே பார்த்தார். கோபமாகவும் இல்லை அந்தப் பார்வை. தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் மழையில் நடந்து தன் வீட்டுக்குப் போனார்.

செல்லக்கண்ணு சுவரில் சாய்ந்து நின்றாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் அந்த வண்டிக்கிட்டத்தானே நின்னேன். ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனே" என்றாள். "அவுங்களப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் நான் ஆம்ப்ரோஸத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து அல்போன்சம்மாள் அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அருளானந்தம் வேலைக்குப் போயிருந்த நேரம். அவள் நெஞ்சின் மேல் ஒரு முறம் இருந்தது. படுத்தபடியே பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கதவருகிலேயே நின்றான்.

"உள்ள வாங்க தம்பி. அவரு சொன்னாரு."

அவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. மத்தியான வேளையில காலு எங்க இருக்குன்னு தெரியாம தடவிப் பாப்பேன். அப்பல்லாம் உங்க மேல வரும். இவரு மேல வரும். ஆம்ப்ரோஸ் மேல வரும்." ஒரு கல்லை எடுத்துத் தட்டில் போட்டாள். "என் மேலயும் வரும்."

"நீங்க என்ன பண்ணுனீங்கண்ணி?"

"அன்னைக்கு சன்னல்லேருந்து உங்க முகத்தப் பாத்தேன். நீங்க எங்களப் பாக்கல. கீழயே பாத்துக்கிட்டு இருந்தீங்க. என்னமோ சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. என்ன தம்பின்னு கேட்டிருக்கலாம். கேட்டா நீங்க ஏதாவது சொல்லிருவீங்க, இவரு கிளம்ப மாட்டாரு. எங்க அக்காவப் பாக்க முடியாது. அதான் மெழுகுவத்தி அது இதுன்னு பேச்ச மாத்துனேன்."

மருதப்பனால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். கருப்பேறிய கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் அழுக்குப் படிந்தது.

"அவரு உங்ககூடப் பேச நாளாகும்" என்றாள் அவள். "பேசாமலும் போகலாம். அது அவரு இஷ்டம். நீங்க மட்டும் பேச்ச நிறுத்தாதீங்க. பேசாம இருந்து பாத்தாச்சுல்ல?"

அவன் நிறுத்தவில்லை. காலையில் அருளானந்தம் சிலேத்தார் பஸ்ஸுக்கு இறங்கும்போது, "கிளம்பிட்டீங்களாண்ணே" என்பான். அவர் தலை நிமிராமல் போவார். மழை வரும்போல இருந்தால், "குடை எடுத்துக்குங்கண்ணே" என்பான். பதில் வராது. அவர் விட்டுப்போன குடையைச் செல்லக்கண்ணு மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். ஆம்ப்ரோஸ் ஒரு தீபாவளியன்று வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனான். அருளானந்தம் வரவில்லை. பிலோமினம்மாள் ஒரு முறை ரயிலேறி வந்து தங்கையோடு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனாள். அந்த இரண்டு வாரமும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. தெருவில் மின்விளக்கு மாற்றினார்கள், தேக்கா சந்தையில் விலை ஏறியது, சிங்கப்பூர் தனி நாடானது. நாலு வருஷம் போயிற்று.

அறுபத்தாறில் அருளானந்தத்துக்குப் புக்கிட் மேராவில் அரசாங்க வீடு கிடைத்தது. தரைத்தளம். கட்டிலை வாசல் வரைக்கும் உருட்டலாம் என்று அல்போன்சம்மாள் சந்தோஷப்பட்டாளாம். குடிபெயரும் நாள் காலை பத்து மணிக்கு வாடகை லாரி வந்தது. அலமாரி, பீரோ, கட்டில்கள், பாத்திர மூட்டைகள் என்று ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். லாரியின் நடுவில் அவள் படுக்கைக்கு இடம் விட்டிருந்தார்கள். அவளைத் தூக்கி ஐந்தடியில் ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். செல்லக்கண்ணு அவள் முகத்துக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருதப்பன் அன்று லீவு போட்டுவிட்டு மூட்டை தூக்க வந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. அருளானந்தம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எல்லாம் ஏறி முடிந்ததும் அருளானந்தம் லாரியைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, மருதப்பனைப் பார்த்தார்.

"மருதப்பா, இந்தச் சக்கரம் போதுமா? பாத்துச் சொல்லு."

நாலு வருஷத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. மருதப்பன் சாலையில் மண்டியிட்டான். நான்கு பின்சக்கரங்களையும் தட்டினான். இரட்டைச் சக்கரத்தின் உள்பக்க டயரில் விரலை விட்டுப் பார்த்தான். அங்கே ஒரு உள்ளங்கை அளவுக்கு ரப்பர் பிரிந்து துணி தெரிந்தது. புக்கிட் மேரா ஐந்தாறு மைல்தான். அந்த டயரோடும் போய்ச் சேர்ந்துவிடலாம். பெரும்பாலும்.

எழுந்து கையைத் துடைத்தான். "வேணாம்ணே. உள்பக்கம் ஒண்ணு பிரிஞ்சிருக்கு. வேற வண்டி வரட்டும்."

லாரிக்காரன் சத்தம் போட்டான். இத்தனை சாமானையும் ஏற்றிவிட்டு இப்போது இறக்குவதா என்றான். அருளானந்தம் அவனிடம் வாதாடவில்லை. "இறக்குப்பா. வேற வண்டி சொல்லு" என்றார். அலமாரியும் பீரோவும் மறுபடி ஐந்தடிக்கு வந்தன.

அடுத்த லாரி வர இரண்டு மணி நேரம் ஆனது. செல்லக்கண்ணு சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, எல்லோருக்கும் அங்கேயே வாழையிலையில் போட்டாள். அல்போன்சம்மாளுக்கு ஊட்டிவிட்டாள். அருளானந்தமும் மருதப்பனும் ஒரே பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருப்பதாக அல்போன்சம்மாள் சொன்னாள். வெயில் நகர்ந்து வந்ததும் அவள் கட்டிலை நிழலுக்கு இழுத்தார்கள். இரண்டு மணி நேரம் அப்படியே கழிந்துவிட்டது.

இரண்டாவது லாரியையும் மருதப்பன் குனிந்து பார்த்தான். "இது போதும்ணே" என்றான். அருளானந்தம் தலையசைத்தார். அவள் கட்டிலின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை இவன் பிடித்து ஏற்றினார்கள். அவளுக்கு எடை என்று ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. அருளானந்தம் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். லாரி ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் திரும்பி மறைந்தது.

செல்லக்கண்ணு இலைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "அவரு என்ன சொன்னாரு?"

"சக்கரத்தப் பாக்கச் சொன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அவள் ஐந்தடியைக் கூட்டத் தொடங்கினாள். மருதப்பன் காலியான வீட்டின் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மூணு வாரந்தான் கேட்டேன்" என்றான், யாரிடம் என்றில்லாமல். பிறகு, "நாந்தான் சொல்லியிருக்கணும்" என்றான். செல்லக்கண்ணுவின் துடைப்பம் ஒரு கணம் நின்று, மீண்டும் கூட்டத் தொடங்கியது.